தேவைப்பட்டால்

அக்தெரே, நவம்பர் 23

கூல்பாரா எஜேவுக்கு,

அன்று மருத்துவமனை முற்றத்தில் நீங்கள் என்னைத் திட்டியபோது நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன். அப்பாவுக்கு நான் வலி மருந்து எழுதித்தான் வைத்திருந்தேன் என்று சொல்லவில்லை. உங்கள் கைப்பையிலிருந்து கெட்டோரோலாக் என்ற வலி ஊசி மருந்தைப் பிடுங்கியது திமிரால் அல்ல என்று சொல்லவில்லை. நீங்கள் பேசி முடிக்கும்வரை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றேன். பேசியதை ஒப்புக்கொண்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. அதையும் சொல்லவில்லை.

நலம் விசாரிக்க வந்தவர்கள் சூப் பாத்திரங்களோடு சுற்றி நின்றார்கள். “மாமனார் பல்லைக் கடிச்சிக்கிட்டு சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. இத்தனை வருஷம் படிச்சியே, ஒரு ஊசி போட மனசு வரலியாடி?” என்றீர்கள். “நம்ம வீட்டுக்கு டாக்டர் மருமக வந்தாளேன்னு ஊரையே கூட்டி விருந்து வச்சோம். குதிரை அறுத்ததுதான் மிச்சம்” என்றீர்கள். யாரோ சிரித்தார்கள். என்னுடைய நோயாளிகளில் இரண்டு பேர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் உங்கள் குரல் கேட்டதும் நான் வீட்டு மருமகளாகிவிடுகிறேன், எஜே என்று அக்காவைக் கூப்பிடுவதற்கு மேல் வாய் எழாது. அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். அக்டோபரில் பித்தப்பையை எடுத்த அறுவை நன்றாகவே முடிந்தது. அப்பாவுக்கு நான்கு வருடமாக ஆஸ்துமா, மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கெட்டோரோலாக், அனல்ஜின் வகை மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே மூச்சுக்குழாய் இறுகிவிடும். எல்லோருக்கும் அல்ல. அப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உங்கள் தம்பி எர்மெக்கிடம் கேட்டேன். “அப்பா மாத்திரையே தொட மாட்டாரு” என்றார். அறுத்த வயிற்றோடு கிடப்பவரிடம் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. வலித்தால் பாராசிட்டமால் டிரிப், அதற்கும் அடங்காவிட்டால் பூட்டிய அலமாரியிலிருந்து இரண்டு பேர் கையெழுத்தோடு சிறிய அளவில் பலமான ஊசி, மூச்சு இளைத்தால் நீல இன்ஹேலர் என்று எழுதியிருந்தேன். குமட்டலுக்கும் ஒன்று இருந்தது. தூக்கத்துக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை, தெரிந்தே. எல்லாவற்றுக்கும் மேலே ‘தேவைப்பட்டால்’ என்று இருந்தது.

அப்பா ஒரு தடவையும் கேட்கவில்லை. மூன்று நாளும் நர்ஸ் குறிப்பில் ‘வலி இல்லை’ என்றே இருக்கிறது. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, இளைப்பு கூடியது. நீங்கள் வந்து சேர்ந்தது அன்றைக்கு. பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

காய்ச்சல் இறங்கிய மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று அவருக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

பெரிசாத்

*

கோக்ஜார், டிசம்பர் 1

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை மினிபஸ் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான். “தம்பி பொண்டாட்டி கடுதாசி எல்லாம் போடுறாளே, என்ன சண்டையா?” என்று கேட்டான். ஊருக்கே தெரிந்த விஷயத்தை அவன் மட்டும் எதற்குக் கேட்கிறான் என்று தெரியவில்லை.

‘அப்பா ஒரு தடவையும் கேட்கவில்லை’ என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? யாரிடம் கேட்பார்? உன்னிடமா? நீ அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் முன்னால் அவர் காலை நீட்டி உட்கார்ந்தது கிடையாது. சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தால் நீ தேநீர் கொண்டுவரும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் போட்டுக்கொள்வார். நீயும் அப்படித்தான், அவர் பெயரை உன் வாயால் சொல்ல மாட்டாய். ஒரோஸ்பெக் என்று நோயாளி அட்டையில் மட்டும் எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட மனிதர், நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கால்மாட்டில் நிற்க, அந்தச் சின்னப்பெண் நர்ஸ் வந்து “வலிக்குதா தாத்தா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “நல்லா இருக்கேன் மகளே” என்பார். குடலே வெளியே கிடந்தாலும் அதைத்தான் சொல்வார். நீயும் அதைக் கேட்டு, வலி இல்லை என்று எழுதிவைத்துக்கொண்டு போனாய்.

நான் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார். நான் அவர் பெற்ற மகள்.

அப்புறம் உன் மருந்துக் கதை. அப்பா மலையில் ஆடு மேய்த்த காலம் முழுவதும் பல்வலிக்கும் தலைவலிக்கும் அனல்ஜின்தான் விழுங்கினார். தண்ணீர் கூட இல்லாமல் மென்று விழுங்குவார். ஒன்றும் ஆகவில்லை. இதை எர்மெக்கிடம் கேட்டாயாம். அவனுக்கு அவன் காரில் என்ன எண்ணெய் ஊற்றுவது என்பதே தெரியாது. என்னிடம் கேட்டாயா? இந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் நான். இங்கே ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் சாயங்கால ஊசி உண்டு, அனல்ஜினும் தூக்கம் வரவைக்கிற டிமெட்ராலும் ஒரே சிரிஞ்சில். குழந்தை மாதிரி தூங்குவார்கள். உன் அலமாரியும் பூட்டும் ரெண்டு கையெழுத்தும் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

அப்பா இருக்கிறார். சாப்பிடுகிறார். உன் நீலக் குழாயை உறிஞ்சுகிறார். அவ்வளவுதான் உனக்குச் சொல்ல முடியும்.

கூல்பாரா

*

அக்தெரே, டிசம்பர் 9

எஜே,

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியைப் பல முறை படித்தேன். எந்தப் பத்தி என்று உங்களுக்குத் தெரியும்.

அதை மறுக்க எனக்கு வழியில்லை. நோயாளி கேட்டால் கொடு என்று எழுதும்போது, கேட்கக்கூடிய ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். வாய் திறந்து, எதிரில் நிற்பவள் யார் என்று பார்க்காமல், இங்கே வலிக்கிறது என்று சொல்கிற ஒருவர். என் புத்தகங்களில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று, அந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் வாழ்ந்த எனக்கே தோன்றவில்லை. நான் சுற்று வரும் நேரத்தில் அவர் ஏன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறார் என்று யோசித்தேன், குளிர் என்று நினைத்து இன்னொரு போர்வை கொண்டுவரச் சொன்னேன். வலியில் ஆழமாக மூச்சிழுக்க முடியவில்லை, இருமலை அடக்கிக்கொண்டார், சளி தங்கிவிட்டது. மருந்து அலமாரியில்தான் இருந்தது.

இதை ஒப்புக்கொள்வதால் மற்றதையும் ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் சாயங்கால ஊசி பற்றிச் சொல்கிறேன். தூங்குகிறவர்கள் இருமுவதில்லை, ஆழமாக மூச்சிழுப்பதுமில்லை. வார்டு அமைதியாக இருக்கும், நர்ஸுகளுக்கு நிம்மதி. மறுவாரம் நெஞ்சுச் சளியோடு எங்கள் பக்கம் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். அவர்கள் உங்கள் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று. அப்பா அனல்ஜின் மென்ற காலத்தில் அவருக்கு ஆஸ்துமா கிடையாது. ஆஸ்துமா வந்தது மலையை விட்டுக் கீழே வந்த பிறகு. அதற்கு முன்னால் ஒத்துக்கொண்டது இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே ஒரே ஒரு கேள்வி. இந்த நான்கு வருடத்தில் அவர் அனல்ஜினோ டிக்ளோஃபெனாக்கோ அது போன்ற வேறு எதுவோ எடுத்துக்கொண்டாரா? எடுத்திருந்தால் அன்று என்ன ஆனது?

கோபப்படுவதற்கு முன்னால் பதில் எழுதுங்கள். பிறகு கோபப்படுங்கள்.

பெரிசாத்

*

கோக்ஜார், பிப்ரவரி 17

பெரிசாத்,

எர்மெக் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு அறுத்த இடத்தில் குடல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இருமினால் ஒரு கைப்பிடி அளவுக்கு வீங்குகிறது. படுத்தால் உள்ளே போகிறது. போன வாரம் ஒரு நாள் போகவில்லை, வாந்தி எடுத்தார், எங்கள் சர்ஜன் கையால் அழுத்தி உள்ளே தள்ளினார். அடுத்த தடவை மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார். ஏப்ரலில் வைத்துத் தைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இங்கேதான். உன் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுவர மாட்டேன். எர்மெக் ரொம்பத்தான் எகிறினான். “அங்க ஆக்ஸிஜன் இருக்கு, மெஷின் இருக்கு” என்றான். “மெஷின் இருந்துச்சு, மனுஷங்க இல்லையே” என்றேன். அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது எனக்குப் போதும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தள்ளி நில்.

கூல்பாரா

*

அக்தெரே, பிப்ரவரி 22

எஜே,

என் கேள்விக்குப் பதில் இல்லை. டிசம்பரில் கேட்டேன். அத்தனை கோபத்துக்கு இடம் இருந்தது, ஒரு வரிப் பதிலுக்கு இல்லை.

தள்ளி நிற்கிறேன். ஆனால் அப்பா உங்கள் அறுவை மேசையில் படுத்து எழுந்ததும், யாரும் யோசிக்காமல் சாயங்கால ஊசி போடுவார்கள். அதுதான் அங்கே பழக்கம். அந்த ஊசியால் அவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றால் குழாய் வைக்கத் தெரிந்தவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார் என்பதை நான் விசாரித்துவிட்டேன். எனவே அந்த ‘போகலாம்’ எனக்குப் போதாது.

மார்ச் பாதிக்குள் நீங்கள் பதில் எழுதாவிட்டால் உங்கள் தலைமை மருத்துவருக்கு நானே எழுதுவேன். தலைமை நர்ஸ் சொந்தத் தகப்பனின் நோய் விவரத்தை மறைக்கிறார் என்று எழுதுவேன். உங்கள் வேலைக்கு அதனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிசாத்

*

கோக்ஜார், மார்ச் 6

ஏய்,

மிரட்டுகிறாயா? உன்னைப் பெண் பார்க்கப் போனபோது நிச்சயத்துக்கு வெள்ளை முக்காட்டை உன் தலையில் போட்டது நான். உன் அம்மாவிடம் “இவளை என் தங்கச்சி மாதிரி வச்சுக்குவேன்” என்று சொன்னதும் நான்தான். அந்த வாயைக் கழுவ வேண்டும்.

எழுது. தலைமை மருத்துவருக்கு எழுது, மந்திரிக்கு எழுது. நீ மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே நான் இந்த வார்டில் பிணத்தைக் கழுவியவள்.

உன் கேள்விக்குப் பதில். போன வருடம் ஆடு குட்டி போடுகிற சமயம் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டிக்ளோஃபெனாக் நான்தான் போட்டேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், கோப்பை காலியாவதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது, கண் சிவந்தது, பிறகு இளைப்பு. விடியும்வரை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ஈர நிலக்கரி போட்டிருந்தார்கள். புகை என்று நினைத்து அடுப்பை அணைத்தோம், கதவைத் திறந்து வைத்தோம். அதற்குப் பிறகு அந்த மருந்து அவருக்கு எதுவும் போடவில்லை. வேண்டும் என்று விட்டதில்லை, முதுகு சரியாகிவிட்டது.

நீ டிசம்பரில் கேட்டபோதே எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று முற்றத்தில் என் பையில் இருந்தது என்ன மருந்து என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை வைத்து எப்போதாவது என்னைக் குத்திக்காட்டினால், எர்மெக்கின் முன்னாலோ அப்பாவின் முன்னாலோ ஒரு வார்த்தை விட்டால், உன் முகத்தில் விழிக்க மாட்டேன். இப்போதும் விழிக்கிற எண்ணம் இல்லை.

என்ன கொடுக்க வேண்டும், என்ன கொடுக்கக்கூடாது என்று எழுதி அனுப்பு. தெளிவாக எழுது, டாக்டர் கிறுக்கல் வேண்டாம். கீழே உன் பெயரைப் போடாதே.

கூல்பாரா

*

அக்தெரே, மார்ச் 10

எஜே,

குத்திக்காட்ட மாட்டேன். உங்களுக்காக அல்ல.

அனல்ஜின், டிக்ளோஃபெனாக், கெட்டோரோலாக், ஆஸ்பிரின், இவற்றின் குடும்பத்தில் எதுவும் அப்பாவுக்கு இனி வாழ்நாளில் கூடாது. ஊசி, மாத்திரை, பின்வழி மருந்து, முதுகில் தேய்க்கும் களிம்பு எதுவானாலும் சரி. அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதுங்கள். அவர் தலையணைக்கு மேலேயும் ஒட்டுங்கள். அறுவை நடக்கும் நாளில் நீங்கள் வீட்டுக்குப் போயிருக்கும்போது வேலையில் இருக்கிறவளுக்கும் அது தெரிய வேண்டும்.

பாராசிட்டமாலைத் தேவைப்பட்டால் என்று எழுத வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், காலை, மதியம், மாலை, இரவு, அவர் என்ன சொன்னாலும் சரி. அதற்கு மேல் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அவரிடம் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். நன்றாக இருமினால் போதும். இரும முடியாமல் தொண்டையை மட்டும் செருமினால், அல்லது முயலும்போது முகம் வெளுத்தால், டிராமடால் ஊசி போடுங்கள், நான் தனித்தாளில் எழுதியிருக்கும் அளவு, அதில் பாதியிலிருந்து தொடங்கி. கொடுத்த பிறகு சாய்த்து உட்கார வையுங்கள், மூச்சை எண்ணுங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் அடுத்த வேளை கிடையாது. அதனால் குமட்டல் வரலாம். வந்தால் உங்களிடம் இருக்கும் வாந்தி ஊசியே போதும்.

தூக்கம் வரவில்லை என்றால் தூங்க வேண்டாம். டிமெட்ராலும் தூக்க ஊசியும் டிராமடாலோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இளைப்பு வராமல் தடுக்கும் பழுப்பு இன்ஹேலர் காலையும் மாலையும் தினமும், அறுவை அன்றும். நீலம் இளைப்புக்கு மட்டும். தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, பாட்டிலின் வாய் வழியாக இழுக்க வையுங்கள், அவருக்கு நேராக இழுக்க வரவில்லை. நீலம் கொடுத்தும் அடங்கவில்லை என்றாலோ, கொடுத்து நான்கு மணி நேரம் தாங்கவில்லை என்றாலோ, திரும்பத் திரும்ப அதையே அடித்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். என் குரலைக் கேட்க உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் கூப்பிடுங்கள்.

குழாய் வைக்கத் தெரிந்தவர் இருக்கும் நாளில்தான் அறுவை. இதில் பேரம் இல்லை.

கீழே பெயர் போடவில்லை.

*

கோக்ஜார், ஏப்ரல் 27

பெரிசாத்,

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நடக்கிறார்.

மயக்க டாக்டர் இருந்த நாளில்தான் வைத்தோம். அது உனக்காக இல்லை, அவருக்கு அந்த நாள்தான் ஒழிந்தது. சாயங்காலம் எங்கள் சின்ன சர்ஜன் பழக்கத்தில் அனல்ஜினும் டிமெட்ராலும் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனான். சிவப்பு எழுத்துக்கு நேர் கீழேயே எழுதியிருக்கிறான். நான் கோடு போட்டு அதை அடித்தேன். “எஜே, நீங்கதானே இதை எல்லாருக்கும் போடுவீங்க?” என்று கேட்டான். “இவருக்குப் போடக்கூடாது” என்றேன். “யாரு சொன்னது?” என்றான். “உனக்கு எதுக்கு, நீ தைச்சிட்ட இல்ல, போய்த் தூங்கு” என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

ஒன்று எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் நீ என்றைக்காவது வேறு யார் வாயிலாவது கேட்பாய். மறுநாள் காலையில் நான் அப்பாவிடம் கேட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. நீ இல்லை, எர்மெக் இல்லை.

“வலிக்குதாப்பா?”

“இல்லடி.”

“எங்கிட்ட சொல்லுங்கப்பா, நான்தானே.”

“இல்லைன்னுதானே சொல்றேன். போய் டீ குடி.”

தலையணையைக் கொடுத்து இருமச் சொன்னேன். தொண்டையைச் செருமினார். “அது இல்ல, நல்லா இருமுங்க” என்றேன். முயன்றார். உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை கொட்டியது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன். அரைமணி கழித்து இருமினார், வார்டு முழுக்கக் கேட்டது.

இரண்டாம் நாள் ஒரு தடவை இளைத்தது. பாட்டில் வழியாக நீலம் கொடுத்தேன். அடங்கியது. பிறகு வரவில்லை.

ஜூனில் அப்பாவுக்காகக் கடா வெட்டி விருந்து வைக்கிறோம். எர்மெக் வரட்டும். நீ வந்தால் பரிமாற நிற்பாய், எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள், யாராவது வாயைக் கிளறுவார்கள். நீ முற்றத்தில் வாய் திறக்காமல் நின்றதை நான் மறக்கவில்லை. திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு உன்மேல் இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. வராதே.

கூல்பாரா

*

அக்தெரே, ஜூலை 19

கூல்பாரா எஜேவுக்கு,

விருந்துக்கு வரவில்லை. உங்களுக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாம் இனி எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்தேன். இதை எழுதுவது மருந்து மாறியிருப்பதால்தான், கோடை மேய்ச்சலிலிருந்து இறங்கியதும் அப்பா உங்கள் வீட்டில்தான் இருப்பார் என்பதால்தான்.

அப்பா செவ்வாய்க்கிழமை இங்கே வந்தார். உங்களிடமோ எர்மெக்கிடமோ சொல்லவில்லை. கம்பளி ஏற்றிவந்த லாரியில் இறங்கி, வெளிநோயாளிகள் வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் முறை வந்தபோது கதவுக்கு வெளியே நர்ஸிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

“உள்ள இருக்கறது டாக்டர்தானே?”

“ஆமா தாத்தா.”

“அப்ப சரி.”

உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து நிற்க முயன்றேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்துப் பேசினார். இரவில் இருமல் வருகிறது என்றார். ஏற்றத்தில் நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, குதிரையில் போனால் இல்லை என்றார். உடம்பு நன்றாக ஆகிவிட்டது என்று பழுப்பு இன்ஹேலரை மே மாதமே நிறுத்தியிருக்கிறார், நீலத்தை மட்டும் ஒரு நாளில் பல தடவை இழுத்திருக்கிறார். பிறகு நான் கேட்காமலே, “அக்டோபர்ல ரொம்ப வலிச்சுது” என்றார். சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினார். முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன், இரண்டு பக்கமும் அடியில் விசில் சத்தம் இருந்தது.

பழுப்பை மறுபடி தொடங்கி, அளவைக் கூட்டியிருக்கிறேன். தினமும் காலை, மாலை, இளைப்பு இல்லாவிட்டாலும். நீலம் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் எனக்குத் தெரிய வேண்டும். செப்டம்பரில் மறுபடி வரச் சொன்னேன். வருகிறேன் என்றார். மூன்று மணி லாரியில் திரும்பிப் போனார்.

பெரிசாத்